கஞ்சி போட்ட கயிறு

சங்கீதா பாறையிலிருந்து விழுந்து இறந்தாள் என்று எங்கள் தெருவுக்கு வெளியே சிலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் என்னிடமே அப்படிச் சொல்லி, மலை ஏறாமல் தடுத்திருக்கலாமே தம்பி என்று வருத்தப்பட்டார். அவள் போனது காய்ச்சலில். போன ஐப்பசியில் தெருவே படுத்துக் கிடந்தபோது அவளும் படுத்தாள். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். பாறை அவளை ஒன்றும் செய்யவில்லை. அவள் பாறையில் ஒரு ராத்திரி தூங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். அந்தத் தூக்கத்துக்காக எங்கள் வீட்டில் மூட்டை கட்டிய கதையைச் சொன்னால் அவள் எப்படிப்பட்டவள் என்று ஓரளவு தெரியும்.

சங்கீதா என் மனைவி. காஞ்சிபுரம் தாலுகாவில் நில அளவர். மாகறலில் ஒரு நாள், தாமல் ஏரிக்கரையில் ஒரு நாள் என்று வெயிலில் சுற்றுகிற வேலை. வரப்புத் தகராறில் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருக்கும்போது அவள் ஓரமாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்பாளாம். அவர்கள் கத்தி முடித்ததும் எழுந்துபோய், புதரை விலக்கி, எல்லைக் கல்லைக் காட்டுவாளாம். கல் எங்கே இருக்கும் என்று முதலிலேயே தெரியும் என்றால் ஏன் காத்திருக்கிறாய் என்று கேட்டேன். "கத்தும்போது கல்ல காட்டுனா யாரு பாக்கறாங்க?" என்றாள்.

பாறை ஏறப் பழகியதும் அளக்கப் போன இடத்தில்தான். ஊருக்குத் தெற்கே கைவிட்ட கல்குவாரி ஒன்றில் சிலர் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். புறம்போக்கு நிலம், யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்கப் போனவள், சாயங்காலம் முழங்காலில் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்தாள். "செங்குத்தா இருக்குது பாலா, ஆனா கால் வைக்க எடம் இருக்குது. கீழ நின்னா தெரியல" என்றாள். சிவபாலன் என்ற என் பெயர் அவள் வாயில் பாலாதான். அங்கே அவள் விசாரிக்கப் போன ஆள் வேல்முருகன். ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமையில் பாறை. தாமலைச் சேர்ந்த அனு என்ற நர்ஸும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அதற்கப்புறம் பல ஞாயிறுகள் மூவரும் சேர்ந்து போனார்கள். நான் போனதில்லை. எனக்கு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரே போதும்.

ஒரு பொங்கல் சமயத்தில் வேல்முருகனுக்குப் பெங்களூர் நண்பர் ஒருவரிடமிருந்து தொங்கு கட்டில் ஒன்று இரவல் கிடைத்தது. அலுமினியக் குழாயில் சட்டம், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, மூலைகளிலிருந்து பட்டைகள் மேலே போய் ஒரே வளையத்தில் சேரும். பாறையில் அடித்த ஆணியில் அந்த வளையத்தை மாட்டினால் கட்டில் அந்தரத்தில் நிற்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பெரிய பாறை. பாதி வரை ஏறி, அங்கேயே கட்டிலைத் தொங்கவிட்டு, பெண்கள் இருவரும் அதிலும் வேல்முருகன் பக்கத்தில் ஒரு துணி ஏணையிலும் தூங்கி, மறுநாள் மீதியை ஏறுவதாகத் திட்டம். அந்த ஒரு சனி ஞாயிறுக்கு மட்டும்தான் கட்டில். திங்களன்று திருப்பித் தரவேண்டும்.

எனக்குப் புரியாத விஷயம், இதில் தூக்கம் எதற்கு என்பது. ஏறிவிட்டு இறங்கி வரலாமே. "பூமிய படுத்துக்கினு பாத்திருக்கோம். செவுர படுத்துக்கினு பாத்ததில்லையே" என்றாள். அது ஒரு பதிலா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மூட்டை கட்டத் தொடங்கியதும்தான் எனக்கும் ஆர்வம் பிடித்தது. அங்கே தரை கிடையாது. நாம் நாள் முழுக்க எதையாவது எடுத்துக் கீழே வைத்துக்கொண்டே இருக்கிறோம்: செருப்பு, தம்ளர், கண்ணாடி, போன். கீழே வைப்பது என்ற ஒன்றே இல்லாத இடத்துக்கு எப்படி மூட்டை கட்டுவது? ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காது வேண்டும், மாட்டுவதற்கு. கரண்டிக்குக் காது. தண்ணீர்ப் புட்டிக்குக் காது. மூக்குக்கண்ணாடிக்கு, காலுறைக்கு, பல் துலக்கும் பிரஷ்ஷுக்கு. நான் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தேன். என் அப்பா மாணிக்கவாசகம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த நூலு தாங்காதுபா" என்று எழுந்துபோனார். தறியில் மிஞ்சிய பட்டு நூலை முறுக்கிச் சிறு வளையங்களாகத் திரித்துக்கொண்டு வந்தார். அரக்கு நிறப் பட்டுக் காதோடு ஒரு பிளாஸ்டிக் கரண்டி. மூட்டை கட்டுவதில் அப்பாவும் சேர்ந்துகொண்டது அப்படித்தான்.

எங்கள் கூடத்து உத்திரத்தில் ஓர் இரும்புக் கொக்கி உண்டு. என்னைத் தூளியில் போட்ட கொக்கி. சங்கீதா இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு அதில் தொங்கினாள். பக்கத்திலேயே பையையும் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து மாட்டி, திரும்ப உள்ளே வைக்கப் பழகினாள். அப்பா தறியறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, காலைலயே ஊஞ்சலு?"

"மூட்ட பிரிக்கப் பழகிக்கினு இருக்கேன் மாமா."

கரண்டி கீழே விழுந்தது. அப்பா குனிந்தார்.

"எடுக்காதீங்க மாமா. அது செத்துப்போச்சு."

"கரண்டியாம்மா?"

"அங்க வுழுந்தா யாரு போயி எடுக்கறது? வுழுந்ததெல்லாம் செத்தது."

கொஞ்ச நேரத்தில் ஒரு காலுறை செத்தது. தீப்பெட்டி செத்தது. பொட்டலத்திலிருந்து ஓர் இட்லி நழுவிச் செத்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இட்லி செத்தா நான் எடுத்துக்கலாமா?"

இன்னொரு பொருளைப் பற்றி அப்பா அவளிடம் கேட்கவில்லை, என்னிடம் தனியாகக் கேட்டார். "ஏம்பா, ராத்திரி பூரா தொங்குறாங்களே, அதுக்கு இன்னா பண்ணுவாங்க?" இரண்டு பக்கமும் மூடி போட்ட ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் குழாயைக் காட்டினேன். அடியிலே இன்னொரு கயிற்றில் தனியாகத் தொங்கும், கீழே ஒன்றும் போடக் கூடாது, எல்லாம் திரும்ப வரவேண்டும் என்று சொன்னேன். அப்பா குழாயைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல பசங்கதான்" என்றார்.

இவ்வளவு பழகியும் ஒன்று மட்டும் அவளுக்கு வரவில்லை. புடவையை அந்தக் கொக்கியில் ஏணை போலக் கட்டிப் படுத்துப் பார்த்தாள். கண் சொக்குகிற நேரத்தில் கை தானாகப் போய்ப் பட்டையைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும். "ஏறுறதுக்கு பயமில்ல பாலா. கைய வுட்டுட்டுத் தூங்கணுமே, அதான்" என்றாள். தூங்காத ஆளை மறுநாள் மேல் பாதிக்கு ஏற்ற மாட்டேன் என்று வேல்முருகன் முன்பே சொல்லியிருந்தார். ஒருத்தர் தூங்காவிட்டாலும் மூன்று பேரும் இறங்க வேண்டும். அவளுக்கு அதுதான் கவலை. தான் தோற்பது ஒரு பக்கம், அனுவையும் கீழே இறக்கிவிடுவோமே என்று.

புதன்கிழமை புதுக் கயிறு கூரியரில் வந்தது. மூவரும் சேர்ந்து வாங்கியது. நீலத்தில் பச்சை இழை ஓடும் நல்ல மிருதுவான கயிறு. உயிர் இதில்தான் என்று சொல்லி அப்பா கையில் கொடுத்தாள். அவர் அதை விரலால் நீவி, புதுப் பொருளை அவர் எப்போதும் பார்ப்பது போலப் பார்த்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்ப வேண்டும்.

வியாழன் காலை அவள் வெளியூர் அளவைக்குப் போய்விட்டாள். எனக்கு அன்று அரை நாள் பள்ளிக்கூடம், நானும் போய்விட்டேன். எதிர்வீட்டு அம்சாவின் பாவு நூலைத் தெருவில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் அது வாரத்துக்கு இரண்டு தடவையாவது நடக்கும்: நெசவுக்கு முன் நூலை நீளமாகக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் நீவி, பிசிறு படியும்படி காயவைப்பது. கஞ்சி காணாத நூல் தறியில் ஏறினால் அறுந்து அறுந்து உயிரை வாங்கும். எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மதியம் நானும் அவளும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தோம். கயிறு கூடத்து நடுவில் அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. சங்கீதா ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். முனை வளையவில்லை. நேராக நின்றது.

"பாத்தியாம்மா?" அப்பாவின் முகம் கல்யாண வீட்டு முகமாக இருந்தது. "சும்மா கம்பி மாரி நிக்கிது. அம்சா பாவு பக்கத்துலயே இழுத்துக் கட்டி நல்லா நீவிட்டேன். இனிமே பிசிறே எழும்பாது."

அவள் கயிற்றைப் பார்த்தபடி மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா? கஞ்சி பத்தலயா?"

அவள் வேல்முருகனுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, கயித்துல கஞ்சி போட்டாச்சு."

"இன்னா போட்டாச்சு?"

"கஞ்சி. அரிசிக் கஞ்சி."

"குடிக்கிறதா? கொட்டிக்கிச்சா?"

"கொட்டல. போட்டது. தெருவுல இழுத்துக் கட்டி, பிரஷ்ல நீவி, காயவெச்சு."

"யாரு?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு அப்போதுதான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று உறைக்கத் தொடங்கியிருந்தது.

"வூட்ல எல்லாரும் சேந்துதான்" என்றாள்.

வேல்முருகன் பொறுமையாகவே சொன்னார். விழுகிற ஆளைக் கயிறு நீண்டு கொடுத்துத் தாங்க வேண்டும். முடிச்சு இறுகி உட்கார வேண்டும். விறைத்த கயிற்றை நம்ப முடியாது. வெறும் தண்ணீரில் அலசுங்கள், சோப்பு கூடாது, வெயில் கூடாது. நாளைக்குச் சாயங்காலம் வந்து தொட்டுப் பார்க்கிறேன். "எனக்கு மனசு ஒப்பலன்னா கெளம்ப மாட்டோம். வேற கயிறு இப்ப கெடைக்காது. கோச்சுக்கக் கூடாது."

போனை வைத்ததும் அப்பா மெதுவாக, "கொஞ்சம் சோடா போட்டு ஒரு கொதி..." என்று ஆரம்பித்தார்.

"மாமா!"

அவள் அவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அப்பா எழுந்து எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். அம்சாவின் குரல் எங்கள் கூடம் வரை கேட்டது.

"ஏண்ணா, கயிறு வெறப்பா இருந்தா நல்லதுதான? ஏணி மாரி சாத்தி வெச்சி ஏறிடலாம்."

"நீ சும்மா இரும்மா. உம் பாவுலயும் அதே கஞ்சிதான்."

அண்டாவில் தண்ணீர் பிடித்துக் கயிற்றை ஊறப்போட்டோம். மிதித்தோம், பிழிந்தோம், தண்ணீரை மாற்றினோம். கஞ்சி போய்விட்டதா என்று கண்ணால் பார்த்து எப்படிச் சொல்வது? நான் பள்ளியில் வேதியியல் எடுக்கிறவன். மருந்துக்கடைக்குப் போய் ஒரு சின்னப் புட்டி அயோடின் வாங்கி வந்தேன். பிழிந்த தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றி ஒரு சொட்டு விட்டேன். பேனா மை கொட்டியது போல நீலமாகியது.

அப்பா உள்ளே வந்துவிட்டார். "நீலம் எங்கேந்துபா வந்துச்சு?"

"கஞ்சி இருந்தா நீலமாவும்பா. இல்லன்னா டீத்தண்ணி கலருதான்."

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சோற்றுப் பருக்கையில் ஒரு சொட்டு விட்டார். உருளைக்கிழங்கில் விட்டார். காலையில் சாகாமல் மிஞ்சியிருந்த இட்லியில் விட்டார். எல்லாம் நீலம். கடைசியில் சுவரோரம் மாட்டியிருந்த சம்படத்திலிருந்து விபூதி எடுத்து அதில் விட்டுப் பார்த்தார். மாறவில்லை. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் சங்கீதா சிரித்தாள். சிரிப்பு வந்ததும் அவளும் அண்டாவில் இறங்கி மிதித்தாள்.

விளக்கு வைத்த பிறகு தண்ணீர் நீலமாவது நின்றது. டீத்தண்ணி நிறம். இரண்டாம் தடவையும் அதே.

காயவைப்பதுதான் பெரிய பாடு. ஈரக் காற்று படக் கூடாது என்று அப்பா பாதி நெய்த புடவையைத் துணி போட்டுச் சுற்றி மூடினார். தறியறையின் மூங்கில்களில் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கவிட்டு, மின்விசிறியைப் போட்டு, வெள்ளிக்கிழமை முழுவதும் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டார். அன்று தறி ஓடவில்லை. யார் கேட்டாலும், "மருமவளுக்கு வேல இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வேல்முருகன் அனுவோடு வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். வணக்கம் சொல்லிவிட்டு நேராகக் கயிற்றிடம் போனார். ஒரு முனையிலிருந்து தொடங்கி, சாண் சாணாக விரல்களுக்கிடையே விட்டு, மடக்கி, நிமிர்த்தி, அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். நாங்கள் நால்வரும் சுவரோரமாக நின்றோம். பாதியில் அவர் கை நின்றது. சங்கீதா என் சட்டையைப் பிடித்தாள். அவர் கயிற்றிலிருந்து எதையோ நகத்தால் எடுத்து, வெளிச்சத்தில் காட்டினார். காய்ந்த ஒற்றைச் சோற்றுப் பருக்கை.

"இது கம்பெனிலேந்து வரல" என்றார்.

அப்பா கூரையைப் பார்த்தார்.

மறு முனை வரை பார்த்து முடித்ததும் வேல்முருகன் முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார். கடைசியில் கூடத்துக் கொக்கியில் கயிற்றை மாட்டி, தானே அதில் உட்கார்ந்து, துள்ளித் துள்ளிப் பார்த்தார். உத்திரம் முனகியது. தூசி கொட்டியது.

"போலாம்" என்றார்.

பையை அடுக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். கடைசியில் வேண்டியது அடியில், முதலில் வேண்டியது மேலே. மேலே ஏறியதும் முதலில் கட்டில்தான் வேண்டும் என்பதால் அது பைக்கு வெளியே தனியாக. மேலாகத் தலைவிளக்கு, சட்டை. நடுவில் தண்ணீர். மிளகும் சுக்கும் போட்டு மந்தாரை இலையில் வெந்த இட்லி, இரண்டு நாளைக்குக் கெடாது. அப்பா தெரியாமல் இன்னும் நாலு இட்லியைத் திணித்தார். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். அரக்குப் பட்டுக் காதுகள் எல்லாவற்றிலும் தெரிந்தன. அனு ஒன்றை இழுத்துப் பார்த்து, "எங்க கல்யாணத்துல கூட இவ்ளோ பட்டு இல்லக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காற்றுச் சத்தம்தான் முதலில் கேட்டது.

"தூங்கிட்டேன் பாலா."

நான் அடுப்பை அணைத்தேன்.

அவள் மூச்சு விடாமல் சொன்னாள். கட்டிலில் படுத்ததும் வழக்கம் போலக் கை போய்ப் பட்டையைப் பிடித்துக்கொண்டது. அனு பக்கத்தில் குறட்டை. பிடியை விடுவதும் மறுபடி பிடிப்பதுமாகவே இருந்திருக்கிறாள். கீழே பார்க்கவில்லை. மேலே பார்க்கவும் தைரியமில்லை. மூக்குக்கு நேராக இருந்த கயிற்றை மட்டும் பார்த்தாள். தலைவிளக்கு வெளிச்சத்தில் அதில் ஓர் எறும்பு.

"அப்பறம் இன்னொண்ணு. அப்பறம் ஒரு வரிசை. கயித்து வாலு கீழ ஒரு பொதர் மேல தொங்கிக்கினு இருந்துச்சு, அங்கேந்து ஏறி வருது. இட்லி வாசனைக்கு வருதுன்னு நெனச்சேன். இட்லிப் பைய தாண்டிப் போவுது பாலா! கயித்தையேதான் மோந்துக்கினு, நோண்டிக்கினு நிக்கிது. உன் அயோடின் தோத்துடுச்சு."

கயிற்றின் மேலுறையைத்தான் நாங்கள் பிழிந்திருக்கிறோம். உள்நூலில் கஞ்சி கொஞ்சம் தங்கியிருந்திருக்கிறது.

"அதுல ஒண்ணு எதையோ தூக்கிக்கினு போச்சு. எங்க போவுதுன்னு பாக்க, வெளக்க திருப்பிப் புடிச்சேன். ஒரு கையில வெளக்கு, ஒரு கையில கயித்த வெலக்கிக்கினு. பட்டைய யாரு புடிச்சிக்கினு இருந்தாங்க? யாருமே இல்ல. அத நான் காலைலதான் நெனச்சேன். அந்த எறும்பு பின்னாடியே பாத்துக்கினு இருந்தேன், எப்ப கண்ணு மூடுச்சுன்னு தெரியல. அண்ணன் வந்து எழுப்புனாரு. இப்ப மேல ஏறப் போறோம்."

அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "எறும்பு கடிச்சுதாம்மா?"

"இல்ல மாமா. அதுங்களுக்கு நான் வேணாம். உங்க கஞ்சிதான் வேணும்."

அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். அம்சா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "கேட்டியாம்மா? எம் மருமவள நான் போட்ட கஞ்சிதான் தூங்க வெச்சுது" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அம்சா நிமிராமலே, "அப்ப அடுத்த தபா பாயாசம் ஊத்துண்ணா, ஒரு வாரம் தூங்கட்டும்" என்றாள்.

அவள் இன்னொரு தடவை பாறையில் தூங்கப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறினாள், இறங்கினாள். ஆனால் அந்த எறும்புகளை விடவில்லை. கயிறு ஆணியோடு முடிந்துவிட்டது. அதற்கு மேலே வெறும் பாறை, கஞ்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. வரிசை அதைத் தாண்டியும் மேலே போனது என்றாள். ஏன்? எங்கள் பள்ளி விலங்கியல் ஆசிரியர் இளவரசன் வீட்டுக்கு வந்த அன்று அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னாடி போற எறும்பு ஒரு வாசனைய விட்டுட்டுப் போவும்மா. பின்னாடி வரதுங்க அத புடிச்சிக்கினு போவும்" என்றார் அவர்.

"சரி சார். மொத எறும்பு?"

"எது?"

"மொத எறும்பு. அதுக்கு முன்னாடி வாசனையே இல்லையே. அது எதுக்கு மேல போச்சு?"

அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். தறியறையில் கட்டை அடிக்கிற சத்தம் நின்றது. அப்பா உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"மேல இன்னா இருக்குதுன்னு சும்மா பாக்கப் போயிருக்கும்மா."

சங்கீதா தறியறைப் பக்கம் கையைக் காட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியா, மாமாவுக்குத் தெரியுது" என்றாள்.